பைபிளுக்குள் ஒரு அரபிக் காகிதம்

அமெரிக்காவில் நடந்த உள்நாட்டுப் போரை நான் சாளை மீன் கழுவிக்கொண்டே கற்றுக்கொண்டேன். ஷார்ஜாவில் ரோலா பக்கம் மகள் வீடு. அடுப்படியில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே போய்த்தான் தும்ம வேண்டும். அந்த அடுப்படி வாசலில் என் பேத்தி, தன்னைவிடப் பெரிய ஒரு சார்ட் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினோரு வயது. படிப்பது அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளி. என் மகள் அதே பள்ளியில் நர்ஸ். முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்கு மருந்து போடுவாள். வயிற்றுவலி என்று பொய் சொல்லி வருகிறவர்களை வகுப்புக்குத் திருப்பி அனுப்புவாள். தாய் அங்கே வேலை பார்ப்பதால் பேத்திக்கும் அங்கே இடம் கிடைத்தது.

வியாழக்கிழமை பள்ளி ஹாலில் ஒவ்வொரு பிள்ளையும் தன் சார்ட்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டுமாம். அப்பா அம்மாக்கள் கண்காட்சி பார்ப்பது போல நடந்து பார்ப்பார்களாம். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டுமாம். அதற்கு ஒத்திகை பார்க்க ஆள் வேண்டும். மருமகன் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஏசி ரிப்பேர் டியூட்டிக்குப் போயிருந்தார். மகள் இன்னும் வரவில்லை. மிச்சம் இருந்தது நானும் சாளையும்.

"ஆச்சி, நடுவுல பேசாதீங்க. கேள்வி கடைசில."

"நான் எங்கட்டி பேசுதேன். மீன்தான் பேசும்."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். முதலில் இங்கிலீஷில் ஒரு வரி, பிறகு எனக்காகத் தமிழில்.

"ஒரே நாடு, ஆச்சி. ஆனா நார்த்ல ஃபேக்டரி, சவுத்ல பருத்தித் தோட்டம். தோட்டத்துல வேலை செய்யறது ஸ்லேவ்ஸ். ஆப்பிரிக்காலேருந்து கப்பல்ல பிடிச்சுக் கொண்டு வந்தவங்க, அவங்க பிள்ளைங்க, பேரப் பிள்ளைங்க."

"சம்பளம்?"

"கிடையாது."

"லீவு?"

"ஸ்லேவுக்கு எப்படி ஆச்சி லீவு இருக்கும்? அவங்கள விக்கலாம். அம்மாவ ஒரு ஊருக்கு, குழந்தைய வேற ஊருக்கு."

கையில் இருந்த சாளையின் குடலை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்த மீனை எடுத்தேன்.

"புதுசா சேர்ற ஸ்டேட்ல ஸ்லேவ்ஸ் வெச்சுக்கலாமா, கூடாதான்னு ரொம்ப நாள் சண்டை. இனிமே பரவக் கூடாதுன்னு சொன்ன ஒரு தாடிக்காரர் எலெக்‌ஷன்ல ஜெயிச்சார். அவர் சேர்ல உக்கார்றதுக்கு முன்னாடியே சவுத்ல ஒவ்வொரு ஸ்டேட்டா பிரிஞ்சு போயிடுச்சு. தனிக் கொடி, தனி பிரசிடென்ட்."

"தனிக்குடித்தனம்."

"அப்படின்னா?"

"கோவிச்சுக்கிட்டு பானை சட்டிய எல்லாம் தூக்கிட்டு வேற வீடு பாத்துப் போறது. மாமியா விடுவாளா?"

"விடல. கடலுக்குள்ள ஒரு கோட்டை இருந்துச்சு. அது மேல சவுத்காரங்க முதல்ல குண்டு போட்டாங்க. அப்புறம் நாலு வருஷம் வார். நார்த் நீல சட்டை, சவுத் சாம்பல் சட்டை. ஆறு லட்சம் பேருக்கு மேல செத்தாங்க."

நீல சட்டைக்கும் சாம்பல் சட்டைக்கும் அவள் துணி வெட்டி ஒட்டியிருந்தாள். நீலம் என்னுடைய பழைய நைட்டி. காணோம் என்று இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

"வார் நடுவுல அந்தத் தாடிக்காரர் ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டார். எதிர்த்து நிக்கிற ஸ்டேட்ல இருக்க ஸ்லேவ்ஸ் எல்லாரும் ஃப்ரீ அப்படின்னு."

"அவரு பக்கம் இருந்த ஊர்ல அடிம கெடையாதோ?"

"கொஞ்சம் ஸ்டேட்ல இருந்தாங்க. அவங்களுக்கு அந்தப் பேப்பர் கிடையாது."

"நல்லாருக்கே. தன் கைக்குள்ள இருக்கவன விடல. கைக்கு எட்டாதவன விட்டுட்டேன்னு பேப்பர் எழுதுனாராக்கும். கெட்டிக்காரருதான்."

"ஆச்சி, எங்க டீச்சர் இதே கேள்விய கேட்டாங்க." அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், நான் எங்கேயோ திருட்டுத்தனமாகப் படித்துவிட்டேன் என்பது போல. "ஆனா அந்த நியூஸ் காதுல விழுந்ததும் தோட்டத்துல இருந்தவங்க நடந்தே நீல சட்டைக்காரங்க கேம்புக்கு வந்துட்டாங்க. பேப்பர் வர்றதுக்கு முன்னாடியே வந்தவங்களும் இருக்காங்க. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. அவங்களுக்குப் படிக்கச் சொல்லிக் குடுத்தா நிறைய ஸ்டேட்ல தண்டனை. வந்தவங்கள்ல ஆம்பளைங்க நிறையப் பேரு அதே நீல சட்டைய போட்டுட்டு சண்டைக்குப் போனாங்க."

இது எனக்குப் பிடித்துப் போயிற்று. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தடவை சொல் என்றேன். சொன்னாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நடந்து வருவது போல எனக்குத் தெரிந்தது. அவள் எந்தப் பேப்பரையும் கண்ணால் பார்த்திருக்க மாட்டாள்.

மிச்சத்தை மளமளவென்று முடித்தாள். தெற்கு தோற்றது. அதன் பெரிய தளபதி ஒரு சின்ன ஊரில், ஒரு வீட்டில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட ஆகவில்லை, நாடகம் பார்க்கப் போன தாடிக்காரரைச் சுட்டுவிட்டார்கள். அப்புறம் நாட்டின் சட்டப் புத்தகத்திலேயே அடிமைத்தனம் கூடாது என்று எழுதினார்கள். ஒரு தூரத்து மாநிலத்துக்கு மட்டும் சேதியே போகவில்லை. தாடிக்காரர் கையெழுத்துப் போட்டு இரண்டரை வருஷம் கழித்து ஒரு பட்டாளம் போய் ஊர் நடுவில் நின்று வாசித்துச் சொன்னதாம். அதுவரை அங்கே இருந்தவர்கள் பருத்தி பறித்துக்கொண்டே இருந்தார்களாம்.

"இந்த சேதி கொண்டுபோன ஆள எனக்குப் புடிச்சிருக்கு" என்றேன்.

சார்ட்டின் கீழே ஒரு கட்டம் இருந்தது. அதை அவள் இங்கிலீஷில் மட்டும் படித்தாள், வேகமாக. என் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் கட்டத்துக்குள் ஒரு போட்டோ ஒட்டியிருந்தது. அதில் இருந்தது நான். ஏப்ரன் கட்டிக்கொண்டு, அந்தக் காலத்தில் நான் வேலை பார்த்த வீட்டு மேடத்தின் இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு.

"இத தமிழ்ல சொல்லு."

"வேண்டாம் ஆச்சி. போர் அடிக்கும்."

"ஆறு லட்சம் பேரு செத்த கதைய கேட்டுட்டேன். இது என்ன போர் அடிக்கும். சொல்லுட்டி."

டீச்சர் சொல்லியிருந்தாராம். பழைய கதையாகவே விடாமல், உங்கள் வீட்டில் இதே மாதிரி அனுபவம் உள்ள ஒருவரைப் பற்றி நாலு வரி எழுதுங்கள் என்று. பேத்தி எழுதியிருந்தாள்: என் ஆச்சி இந்த ஊரில் ஒரு வீட்டில் அடிமையாக இருந்தார். அவருடைய பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். அவரால் எங்கும் போக முடியவில்லை. அவரை நினைத்து நான் அழுகிறேன்.

மீன் வாடை அடிக்கிற கையோடு நான் எழுந்து நின்றேன். எனக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது. அதனால் வீட்டில் யாரும் என் கோபத்தைப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பேத்தி பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து மகள் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே போட்டோவைப் பார்த்துவிட்டாள்.

"இத எங்கருந்து எடுத்த?"

"ஆல்பத்துல இருந்துச்சு மம்மி."

"கிழிச்சு எடு. ஸ்கூல்ல வேலை பாக்கிறவங்க எல்லாரும் எனக்குத் தெரிஞ்சவங்க. யம்மா, நீயாவது சொல்லக் கூடாதா?"

"நான் என்னத்தச் சொல்ல. எனக்கே இப்பத்தான் தெரியும், நான் அடிமன்னு."

"இந்த ஊர்ல இதையெல்லாம் சார்ட்ல எழுதி வெப்பாங்களா? வீண் வம்பு. அதோட..." மகள் நிறுத்திக்கொண்டாள்.

அவள் எதைச் சொல்லாமல் நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியும். பத்து வருஷமாக அந்தப் பள்ளியில் வேலை பார்க்கிறாள். அவள் அம்மா இதே ஊரில் அடுத்தவர் வீட்டுப் பாத்திரம் தேய்த்தவள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. நான் பள்ளிக்குப் போகிற நாளில் எனக்கு நல்ல சேலையாகத் தானே எடுத்து வைப்பாள். எனக்கு அது தெரிந்தும் தெரியாத மாதிரி கட்டிக்கொண்டு போவேன்.

ஆக, ஒருத்திக்கு நான் அழ வேண்டிய ஆள். இன்னொருத்திக்கு மறைக்க வேண்டிய ஆள். வியாழக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. அதற்குள் அந்தக் கட்டத்தில் நான் யார் என்று முடிவாக வேண்டும்.

கையைக் கழுவிவிட்டு வந்து இரண்டு பேரையும் சோபாவில் உட்கார வைத்தேன்.

"அடிமன்னு எழுதாத" என்றேன் பேத்தியிடம். "நான் என் கையெழுத்துப் போட்டு வந்தவ. மாசம் பொறந்தா சம்பளம் வாங்குனவ. எம்பிள்ளைய யாரும் விக்கல. நீதானே சொன்ன, தாயையும் பிள்ளையையும் பிரிச்சு வித்தாங்கன்னு. அவிய பட்ட பாட்ட எடுத்து எம்பேர்ல எழுதுனா, அது அவியளுக்கு ஞாயமா?"

"ஆனா பாஸ்போர்ட் வெச்சிருந்தாங்கல்ல ஆச்சி?"

"வெச்சிருந்தாவ. அது தப்புதான். தப்புக்கு என்ன செஞ்சேன்னு கேட்டியா? அழுதேன்னு நீயா எழுதிட்ட."

மேடம் நம் நாட்டுக்காரர்தான், வடக்குப் பக்கம். கெட்டவர் என்று சொல்ல முடியாது. எனக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். நான் வைக்கிற மீன் குழம்பை வாசனை பிடிக்காமலேயே பொறுத்துக்கொண்டார். வந்த முதல் நாளே பாஸ்போர்ட்டை வாங்கிப் பீரோவில், பட்டுச் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். பத்திரமாக இருக்கும் என்றார். அப்போது எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். நாங்களும் வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றுகிற மாதிரி பாஸ்போர்ட்டையும் கழற்றிக் கொடுத்துவிடுவோம். நாலு வருஷம் அது அங்கே அந்துருண்டை வாசனையோடு கிடந்தது.

பிறகு ஒரு நாள் ஊரிலிருந்து என் அம்மா மேடம் வீட்டுக்குப் போன் செய்தார். உன் மகளுக்கு டைபாய்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், வாய் ஓயாமல் உன்னைக் கேட்கிறாள் என்றார். மகளுக்கு அப்போது பதினோரு வயது. தகப்பன் இல்லாத பிள்ளை. மேடத்திடம் லீவு கேட்டேன். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்றார். பரீட்சை முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"டைபாய்டு வந்தது எனக்கு நெனவு இருக்கு" என்றாள் மகள் மெதுவாக.

அன்று சாயங்காலம் ரொட்டி வாங்க அனுப்பினார்கள். ரொட்டிக் கடைக்கு ரெண்டு கடை தள்ளி ஒரு டைப்பிங் சென்டர். விசா பாரம், லேபர் கார்டு பாரம் எல்லாம் அரபியில் அடித்துக் கொடுக்கிற கடை. அங்கே இருந்த மலையாளத் தம்பி எனக்குத் தெரிந்தவர். என் முகத்தைப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன்.

"சேச்சி, பாஸ்போர்ட் நிங்ஙள்டெ சாதனம். வேற ஆளு வெச்சுக்கான் பாடில்லா. கவர்மென்ட் சொல்லியிருக்கு. பேப்பர் உண்டு."

அடுத்தவர் பாஸ்போர்ட்டை யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு பேப்பர் இருக்கிறது. அது எங்கள் அடுப்படிக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஒன்று தாங்க தம்பி என்றேன். அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே கௌண்டரில் கிடந்த கட்டைக் கையால் காட்டினார். மேலே இருந்ததை ஒன்று உருவிக்கொண்டேன். முத்திரை பளிச்சென்று இருந்தது. எனக்கு அது போதும்.

இப்படி ஒரு காகிதத்தைச் சும்மா கொண்டுபோய் நீட்ட முடியாது. யோசித்தேன். மேடத்தின் வீட்டுக்காரரான சார் ஆபீஸ் விட்டு வந்ததும் டீ குடிப்பார். டீத் தட்டில், இரண்டு கப்புக்கும் நடுவில், பிஸ்கட் வைக்கிற இடத்தில் காகிதத்தை வைத்துக் கொண்டுபோனேன்.

"யே க்யா ஹை?" என்றார் மேடம், இது என்ன என்று.

"சர்க்கார் கா காகஸ்" என்றேன், அரசாங்கக் காகிதம் என்று. அடுப்படி இந்தியில் எனக்கு அதற்கு மேல் வராது.

சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். காகிதத்தை எடுத்தார். மேலிருந்து கீழே பார்த்தார். திருப்பி, ஒன்றும் எழுதாத பின் பக்கத்தையும் பார்த்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் நகரவில்லை. ஒரு காலை இன்னொரு கால் மேல் வைத்துக்கொண்டு கொக்கு மாதிரி நின்றேன். அவர் காகிதத்தை நாலாக மடித்து என் தட்டிலேயே திருப்பி வைத்தார். மேடத்தைப் பார்த்து ஒரே வார்த்தைதான் சொன்னார். "தே தோ." கொடுத்துவிடு என்று.

மூன்றாம் நாள் நான் ஊரில், மகள் கிடந்த ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

"பால் பவுடர் டப்பாவோட வந்து நின்ன" என்றாள் மகள். "உன் மேல அந்துருண்டை வாசம் அடிச்சுது. எனக்கு அது வெளிநாட்டு வாசம்னு நெனப்பு."

"அது பாஸ்போர்ட்டு வாசம். இடுப்புலேயே சொருகி வெச்சிருந்தேன்."

மகளுக்கு உடம்பு தேறியதும் திரும்பி அதே வீட்டுக்கு வந்தேன். இன்னும் பத்து வருஷம் வேலை பார்த்தேன். பாஸ்போர்ட் என் தலையணைக்கு அடியில் தூங்கியது. அந்த வேலையில்தான் மகள் நர்ஸ் படித்தாள். ஆனால் நான் பெருமையாக நினைப்பது அதையல்ல.

அப்போதெல்லாம் இங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. எங்கள் ஆண்டவரும் அனுசரித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமைக்கு மாறியிருந்தார். கோயிலில் தமிழ் ஆராதனை முடிந்ததும் வீட்டு வேலை பார்க்கிற பெண்கள் காம்பவுண்டு ஓரத்தில் நின்று டீ குடிப்போம். அங்கே என் பைபிளைத் திறந்து காகிதத்தைக் காட்டினேன். யாருக்கும் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. அதனால்தான் எல்லாரும் அதை அவ்வளவு மரியாதையாகத் தொட்டார்கள். வாரம் ஒருத்தி வாங்கிக்கொண்டு போவாள், அடுத்த வெள்ளிக்கிழமை திருப்பித் தருவாள். எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்புவேன். அழக் கூடாது. சிரிக்கக் கூடாது. டீக்கு முன்னால் காட்டக் கூடாது, டீயோடு காட்ட வேண்டும். கொக்கு மாதிரி நிற்பது அவரவர் விருப்பம்.

ஏழு பேர் கொண்டுபோனார்கள். ஆறு பேருக்குப் பாஸ்போர்ட் கிடைத்தது. ஏழாவது பெண் வேலை பார்த்தது ஓர் அரபி வீட்டில். அந்த வீட்டுப் பெரியவர் வாசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாராம். கொடுக்கவில்லை. பாவி மனுஷன், கல் நெஞ்சு என்று எல்லாரும் சேர்ந்து திட்டினோம்.

"அந்தப் பேப்பர் இப்ப எங்க ஆச்சி?"

பைபிளை எடுத்து வந்தேன். சங்கீதத்துக்கு நடுவில் இருந்தது. மடிப்பெல்லாம் கிழிந்து, செல்லோ டேப் ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளாகிப் போயிருந்தது. பேத்தி அதை இரண்டு கையாலும் வாங்கினாள். இங்கே பள்ளிகளில் அரபியும் ஒரு பாடம். ஒன்றாம் வகுப்பிலிருந்து படிக்கிறாள். விரலை வலமிருந்து இடமாக வைத்து எழுத்துக்கூட்டினாள். முதல் வரியில் நின்றாள். திரும்ப முதலிலிருந்து போனாள்.

"ஆச்சி."

"என்னட்டி?"

"இதுல மியான்னு இருக்கு. மியான்னா தண்ணி."

"சர்க்கார் பேப்பர்ல தண்ணியும் இருக்கும்."

"கஸ்ஸான்னும் இருக்கு. கஸ்ஸான்னா தொட்டி." அவள் முகம் சிவந்துகொண்டே வந்தது. "ஆச்சி, இது ஏதோ பில்டிங்ல மொட்டை மாடித் தண்ணித் தொட்டிய கழுவப் போறாங்கன்னு போட்டிருக்கு. ரெண்டு நாள் தண்ணி வராது, பிடிச்சு வெச்சுக்கோங்கன்னு."

மகள் சிரிக்க ஆரம்பித்தாள். சோபாவிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு எங்கேயோ மாறி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இருபது வருஷத்துக்கு மேல் சங்கீதப் புத்தகத்துக்கு நடுவில் தண்ணீர்த் தொட்டியை வைத்து ஜெபம் பண்ணியிருக்கிறேன். டைப்பிங் தம்பி காட்டியது ஒரு கட்டு, நான் உருவியது இன்னொரு கட்டு. பிறகு அந்த ஏழாவது வீட்டுப் பெரியவர் நினைவுக்கு வந்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் சிரித்துத்தான் இருப்பேன். பாவி என்று திட்டினதை அன்றைக்கே வாபஸ் வாங்கினேன். ஆனாலும் அவர் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருக்கலாம்.

"அந்த சாருக்கு அரபி தெரியுமா ஆச்சி?"

"யாருக்குத் தெரியும் மக்கா. படிக்கத் தெரியுமா தெரியாதான்னு எனக்குத் தெரியாது." இன்றுவரை தெரியாது. பின் பக்கத்தைக்கூடத் திருப்பிப் பார்த்த மனுஷன் அவர்.

மகள் தரையிலிருந்தே என்னைப் பார்த்தாள். "எனக்குக் காய்ச்சல்னுதான் போய்க் கேட்டியா யம்மா?"

"பின்ன, தண்ணி வராதுன்னா போய்க் கேட்டேன்?"

பேத்தி அதற்குள் பென்சிலை எடுத்துவிட்டாள். அழுகிறேன் என்ற வரியை முதலில் அழித்தாள். அடிமை என்ற வார்த்தையையும் அழித்தாள். பிறகு எழுதாமல் கன்னத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப உங்கள என்னன்னு எழுதட்டும்?"

"அந்தத் தூரத்து ஊருக்கு சேதி கொண்டுபோனாவல்லா, அவிய வரிசையில எழுது."

"அது ஆர்மி ஆச்சி. அவங்க சரியான பேப்பர் கொண்டு போனாங்க."

"சேதி சரிதானேட்டி. பேப்பர்தானே தப்பு."

அவள் எழுதினாள். போட்டோவை என்ன செய்வது என்று மகளைப் பார்த்தாள். மகள், பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய், நான் பாதியில் விட்ட சாளையைக் கழுவினாள்.

வியாழக்கிழமை காலை மகள் எனக்குச் சேலை எடுத்து வைக்கவில்லை. நானே ஒரு சாதாரணக் காட்டன் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன்.

ஹால் முழுக்கச் சார்ட். எங்கள் சார்ட்டில் நீல நைட்டித் துண்டு, சாம்பல் துண்டு, தாடிக்காரர், நடந்து வருகிற ஜனங்கள். கீழே கட்டத்தில் என் போட்டோ. அதற்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைக்குள், தொட்டிப் பேப்பர். பேத்தி வந்தவர்களுக்கெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். தனிக்குடித்தனத்தை இங்கிலீஷில் எப்படிச் சொன்னாளோ, கேட்டவர்கள் சிரித்தார்கள்.

அரபி டீச்சர் வந்தார். போர்ப் படங்களை விட்டுவிட்டு நேராகப் பிளாஸ்டிக் உறைக்குக் குனிந்தார். வாசித்தார். புருவத்தைச் சுருக்கினார். இது எதற்கு இங்கே என்று கேட்டார் போல. பேத்தி சொன்னாள். பாதிக் கதையிலேயே டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு போட்டோவைக் காட்டி, இது யார் என்று கேட்டார்.

வெள்ளைக் கோட்டோடு மருந்து அறையிலிருந்து மகள் அப்போதுதான் வந்து நின்றிருந்தாள். கூட வேலை பார்க்கிற இரண்டு பேர் பக்கத்தில் இருந்தார்கள். பேத்தி வாயைத் திறப்பதற்குள் மகள் என் தோளில் கையை வைத்தாள்.

"மை மதர்" என்றாள். அதற்குப் பிறகு சொன்னதையும் நான் புரிந்துகொண்டேன், நிறுத்திச் சொன்னால் இங்கிலீஷ் எனக்குக் கொஞ்சம் பிடிபடும். இந்த ஊரில் வீட்டு வேலை பார்த்தார், அதில்தான் என்னைப் படிக்க வைத்தார் என்றாள். சத்தமாகவே சொன்னாள். நான் சேலைத் தலைப்பைச் சரி பண்ணிக்கொண்டேன், பண்ண வேண்டிய அவசியம் இல்லாவிட்டாலும்.

அரபி டீச்சர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த டைப்பிங் தம்பி சொன்னது உண்மைதான், அப்படி ஒரு சட்டம் இருக்கிறது, அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது என்று பேத்தி மூலமாகச் சொன்னார்.

கூட்டம் குறைந்தது. பிள்ளைகள் சார்ட்டைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். ஹால் ஓரத்தில் தரை துடைக்கிற பெண் ஒருத்தி இவ்வளவு நேரமும் ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த வேலையில் இருந்தவளுக்குத் தெரியும், ஒரே இடத்தை எப்போது துடைப்போம் என்று. அவள் மாப்பை ஓரமாகச் சாய்த்துவிட்டு வந்தாள். பள்ளி ஆள் இல்லை, வெளிக் கம்பெனி அனுப்புகிற ஆள். பிளாஸ்டிக் உறையைக் காட்டி, இந்தியில், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"தீதி, இஸ்கா ஏக் காப்பி மிலேகா?"

இதற்கு ஒரு நகல் கிடைக்குமா என்று கேட்டாள்.

நான் மகளைப் பார்த்தேன். வீண் வம்பு என்று சொல்வாள் என்று நினைத்தேன். அவள் அரபி டீச்சரைப் பார்த்தாள். இரண்டு பேரும் மருந்து அறைக்குப் போனார்கள். அங்கே ஒரு பிரிண்டர் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் மகள் வேறொரு தாளோடு வந்தாள், அரபி டீச்சர் சொன்ன சட்டமாம். அரபி, முத்திரை எல்லாம் இருந்தது. சூடு ஆறாமல் இருந்தது.

அந்தப் பெண் கையை நீட்டினாள். நான் தாளை வாங்கிப் பேத்தியிடம் கொடுத்தேன்.

"மொதல்ல வாசிச்சுப் பாரு. தண்ணி, தொட்டி ஏதாவது இருக்கான்னு."

பேத்தி விரலை வைத்து மேலிருந்து கீழே ஒரு வரி விடாமல் பார்த்தாள். அந்தப் பெண்ணும் அவள் விரல் போகிற இடமெல்லாம் பார்த்தாள்.

"இல்ல ஆச்சி. பாஸ்போர்ட்தான் இருக்கு."

நான் அதை நாலாக மடித்து, அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். பிறகு அடுப்படி இந்தியில், எனக்குத் தெரிந்த அளவுக்கு, டீத் தட்டு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன்.